ஒரு துளி உமிழ்நீரின் கதை



எச்சில் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒருவர் கடித்த பழத்தை இன்னொருவர் தின்னக் கூடாது, ஒருவர் வாய் வைத்த செம்பில் இன்னொருவர் குடிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு வாசலில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசும்போது, நம் உடம்புக்குள்ளேயே எச்சில் இறங்குகிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. கொசு கடிக்கிறது. சற்று நேரத்தில் அந்த இடம் தடித்து அரிக்கிறது. எதனால் அரிக்கிறது? கொசுவின் வாய் குத்திய காயத்தால் அன்று. குத்தும்போது அது நம் தோலுக்குள் விட்ட உமிழ்நீரால்தான். அந்த உமிழ்நீரை நம் உடம்பு அந்நியப் பொருள் என்று கண்டு எதிர்க்கிறது. அந்த எதிர்ப்புதான் தடிப்பும் அரிப்பும்.

பூச்சியின் உமிழ்நீர் அரிப்போடு நின்றுவிடுகிறதா? நின்றுவிடுவதில்லை. ஒரு தோல் நோய் சிறிய புண்ணோடு ஆறுமா, அல்லது முகத்தையே கெடுக்கும் பெரிய புண்ணாக வளருமா என்பதில் அந்த ஒரு துளிக்கும் பங்கு உண்டு. இதை மனிதன் கண்டுபிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

கதை சிரியா நாட்டின் அலெப்போ நகரத்தில் தொடங்குகிறது. அங்கே ஆங்கில வணிகர்களுக்கு மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ரசல் என்பவர், அந்த நகரத்தைப் பற்றி 1756-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அந்த ஊர் மக்களுக்கு வரும் ஒரு புண்ணை அவர் அதில் விவரித்தார். முதலில் சிறு பரு போல் தோன்றும். வலி அதிகம் இராது. நாளாக நாளாக அது அகன்று, நடுவில் உடைந்து, பொருக்குக் கட்டும். ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆனதும் தானாகவே ஆறும். அதனால் அந்த மக்கள் அதை 'ஆண்டுப் புண்' என்றே அழைத்தார்கள். ஆறிய பிறகும் குழி விழுந்த தழும்பு ஆயுள் முழுவதும் இருக்கும். பாக்தாத்தில் இதைப் பாக்தாத் புண் என்றார்கள். டில்லியில் டில்லிப் புண் என்றார்கள். அல்ஜீரியாவில் பிஸ்க்ரா புண் என்றார்கள். ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு, புண் ஒன்றுதான்.

உயிருக்கு ஆபத்தில்லாத புண்தானே என்று நாம் எண்ணலாம். ஆனால் அது வருவது பெரும்பாலும் ஆடை மூடாத இடத்தில். கன்னத்தில் வரும், மூக்கில் வரும், கையில் வரும். ஒரு பெண் குழந்தையின் கன்னத்தில் காசு அளவு தழும்பு விழுந்துவிட்டால், அவளைப் பெற்ற தாய் என்ன பாடுபட்டிருப்பாள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தத் தாய்மார்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஒருமுறை இந்தப் புண் வந்து ஆறினவர்களுக்குப் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருந்தார்கள். அதனால் மேற்கு ஆசியாவிலும் மத்திய ஆசியாவிலும் ஒரு வழக்கம் உண்டாயிற்று. புண் வந்த ஒருவரின் கசிவை எடுத்து, ஆரோக்கியமான குழந்தையின் தொடையிலோ பின்புறத்திலோ கீறித் தடவிவிடுவார்கள். ஆடைக்குள் மறைந்த இடத்தில் புண் வந்து ஆறிவிட்டால் முகம் தப்பிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. உடம்பு ஒருமுறை பார்த்த பகைவனை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை, எழுத்தறியாத அந்தத் தாய்மார்கள் மருத்துவ நூல்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் இதற்கு வருவோம்.

அடுத்து, புண்ணுக்குக் காரணம் என்ன என்ற கேள்வி. 1885-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர், டில்லிப் புண்ணிலிருந்து எடுத்த சதையில் விந்தையான உருண்டைகளைப் பார்த்து எழுதி வைத்தார். 1898-ஆம் ஆண்டில் தாஷ்கண்டில் இருந்த ரஷ்ய இராணுவ மருத்துவர் பொரோவ்ஸ்கி, அவை ஓரணு உயிர்கள் என்று கண்டு சொன்னார். ரஷ்ய மொழியில் அவர் எழுதியது வெளியுலகத்துக்கு நெடுநாள் எட்டவில்லை. 1903-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரைட் என்ற மருத்துவர், ஆர்மீனியாவிலிருந்து குடியேறிய ஒரு குழந்தையின் புண்ணில் அதே உயிரியைக் கண்டு தெளிவாக விவரித்தார்.

அதே 1903-ஆம் ஆண்டில் நம் சென்னையும் இந்தக் கதைக்குள் வருகிறது. கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் என்ற இடத்தில் பணியாற்றிய ஒரு படைவீரர், நெடுநாள் காய்ச்சலாலும் மண்ணீரல் வீக்கத்தாலும் இங்கிலாந்தில் இறந்தார். அவருடைய மண்ணீரலில் கண்ட நுண்ணுயிரை லீஷ்மன் என்ற இராணுவ மருத்துவர் வெளியிட்டார். சில வாரங்களிலேயே சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் டோனவன், தம் நோயாளிகளிடம் அதையே கண்டதாக அறிவித்தார். இருவர் பெயரையும் சேர்த்து அந்த உயிரிக்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் வைத்தவர் ரொனால்டு ரோஸ். உள்ளுறுப்பைத் தாக்கும் அந்தக் காய்ச்சலுக்குக் காலா அசார், அதாவது கருங்காய்ச்சல், என்று பெயர். அலெப்போவின் தோல் புண்ணை உண்டாக்குவது அதன் உறவுக்கார உயிரி. ஒன்று அண்ணன் என்றால் மற்றது தம்பி. குடும்பத்துக்கு லீஷ்மேனியா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ரொனால்டு ரோஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு மலேரியா நினைவுக்கு வரும். மலேரியாக் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய்ச் சேர்ந்து, கடிக்கும்போது உமிழ்நீரோடு இறங்குகிறது என்பதை 1898-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பறவைகளை வைத்து நிரூபித்தவர் அவர். அந்த அறிவு நம் நாட்டுக்கும் பயன்பட்டது. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடியவைத்துக் கொசுவை ஒழித்தார். பிறகு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். ரோஸ் உமிழ்நீரை ஒரு வண்டியாகத்தான் பார்த்தார். கிருமி ஏறி வருகிறது, இறங்குகிறது, அவ்வளவுதான். வண்டிக்காரனும் திருட்டில் கூட்டாளியாக இருப்பானோ என்று அந்நாளில் யாரும் கேட்கவில்லை.

அலெப்போப் புண்ணைக் கொண்டுவரும் வண்டி எது? அது கொசு அன்று, மணல் ஈ. நம் ஊர்க் கடற்கரையில் கடிக்கும் அகாஸ் பூச்சியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு இனம். மணல் ஈ இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ளது. உடம்பெல்லாம் மயிர். உட்காரும்போது இறக்கையைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கொசுவைப் போல் ரீங்காரம் செய்யாது. சுவர் வெடிப்பிலும், எலி வளையிலும், மாட்டுத் தொழுவத்திலும், காட்டு மரப் பொந்திலும் பகலில் ஒளிந்திருந்து, பொழுது சாய்ந்ததும் சத்தமில்லாமல் வரும். பெண் ஈ மட்டுமே இரத்தம் குடிக்கும்.

1921-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் செர்ஜென்ட் சகோதரர்களும் அவர்களுடைய தோழர்களும், பிஸ்க்ராவில் பிடித்த மணல் ஈக்களை அந்த நோய் இல்லாத அல்ஜியர்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அவற்றை நசுக்கி, தாமாக முன்வந்தவர்களின் கீறிய தோலில் தடவினார்கள். அலெப்போப் புண் தோன்றியது. ஈயின் உடம்பில் கிருமி உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் கடியால் நோய் தொற்றுகிறது என்று காட்ட இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 1941-ஆம் ஆண்டில் ஜெருசலேமில் ஆட்லர், பெர் என்ற இருவர் அதைச் செய்துகாட்டினார்கள்.

மறு ஆண்டே, அதாவது 1942-இல், அஸ்ஸாமில் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்ற மூவர் கருங்காய்ச்சலும் மணல் ஈயின் கடியால்தான் வருகிறது என்று நிரூபித்தார்கள். ஈக்களுக்கு நோயாளியின் இரத்தத்துக்குப் பிறகு உலர்ந்த திராட்சையைக் கொடுத்தால் கிருமி அவற்றுக்குள் நன்றாகப் பெருகுகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்தச் சோதனை பலித்தது. அஸ்ஸாம் என்றால் தேயிலை. நம்மைப் போலவே தொலைதூரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் வேலை செய்த தோட்டங்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் அந்தக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவி மக்களை வாரிக்கொண்டு போயிற்று. தோட்டத் தொழிலாளரும் அதற்குத் தப்பவில்லை.

தொழிலாளர் என்று சொல்லும்போது இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே சொல்ல வேண்டும். நம் சந்தையில் கிடைக்கும் சிக்கு பழம் உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் அதைச் சப்போட்டா என்பார்கள். அந்த மரத்தின் தாயகம் மெக்சிகோவும் அதை அடுத்த நாடுகளும். அங்கே காட்டில் ஓங்கி வளர்ந்திருக்கும் சிக்கு மரத்தின் பட்டையைக் கத்தியால் கோணல் கோணலாக வெட்டினால் பால் வடியும். அந்தப் பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கித்தான் முன்னாளில் சூயிங்கம் செய்தார்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்காகக் காட்டில் தங்கி, இடுப்பில் கயிறு கட்டி மரமேறிப் பால் வெட்டியவர்களுக்குச் சிக்லேரோ என்று பெயர். நம் ரப்பர் மரம் சீவும் தொழிலாளிக்கு அவர்கள் ஒருவகையில் உறவினர்களே.

அந்தச் சிக்லேரோக்களுக்கு ஒரு நோய் வந்தது. காது மடலில் சிறு புண் தோன்றும். மெல்ல மெல்ல அது குருத்தெலும்பைத் தின்னும். சிலருக்கு ஆண்டுக்கணக்காக ஆறாமல், காதின் ஒரு பகுதியே இல்லாமல் போகும். 1912-ஆம் ஆண்டில் சைடலின் என்ற மருத்துவர் யூக்கட்டான் பகுதியில் இதை ஆராய்ந்து, லீஷ்மேனியாதான் காரணம் என்று எழுதினார். காட்டு மணல் ஈ கடித்ததால் வந்த வினை அது. யாரோ மென்று துப்பிய சூயிங்கத்துக்காக இந்த ஏழைகள் தங்கள் காதைக் கொடுத்தார்கள்.

இத்தனையும் தெரிந்த பிறகும் விஞ்ஞானிகளுக்கு ஒரு புதிர் மிஞ்சியது. ஆராய்ச்சிக் கூடத்தில் எலிக்கு இந்த நோயை உண்டாக்க, ஊசி வழியாகப் பல லட்சம் ஒட்டுண்ணிகளைச் செலுத்துவது வழக்கம். ஆனால் ஓர் ஈயின் உடம்போ எள்ளைவிடச் சிறியது. அது கடிக்கும்போது எத்தனை ஒட்டுண்ணிகளை விட முடியும்? 2008-ஆம் ஆண்டில் நுட்பமாக எண்ணிப் பார்த்தபோது, பெரும்பாலான ஈக்கள் சில நூறை மட்டுமே விடுகின்றன என்று தெரிந்தது. ஊசிக்குப் பல லட்சம் வேண்டியிருக்க, ஈக்குச் சில நூறு எப்படிப் போதும்? ஊசியில் இல்லாத எது ஈயிடம் இருக்கிறது?

விடை உமிழ்நீர். அதைக் காட்டியவர்கள் டைட்டஸ், ரிபெய்ரோ என்ற இருவர். ஆண்டு 1988. இடம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம். ரைட் 1903-இல் அந்தக் குழந்தையின் புண்ணை ஆராய்ந்த அதே பாஸ்டன் வட்டாரம்தான். தென்னமெரிக்க மணல் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து நசுக்கி, அந்தச் சாற்றை ஒட்டுண்ணியோடு கலந்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். வேறு சில எலிகளுக்கு ஒட்டுண்ணியை மட்டும் செலுத்தினார்கள். உமிழ்நீர் சேர்ந்த எலிகளின் புண் ஐந்து முதல் பத்து மடங்கு பெரிதாக இருந்தது. புண்ணுக்குள் இருந்த ஒட்டுண்ணியின் எண்ணிக்கையோ 5,000 மடங்கு வரை அதிகமாக இருந்தது. மிகக் குறைந்த அளவு ஒட்டுண்ணியைச் செலுத்தியபோது, உமிழ்நீர் சேர்ந்திருந்தால் மட்டுமே அந்த இடத்தில் ஒட்டுண்ணியைக் காண முடிந்தது. வண்டிக்காரன் கூட்டாளிதான் என்பது வெளிப்பட்டது.

உமிழ்நீர் என்ன செய்கிறது? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். மரத்தைச் சீவியதும் பால் வடிகிறது. சற்று நேரத்தில் வெட்டுவாய் உறைந்து நின்றுவிடுகிறது. சேர்த்த பால் வழியில் உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா விடுவார்கள் அல்லவா? மணல் ஈயும் ஒரு பால்வெட்டுக்காரிதான். அதன் வாய், கொசுவின் வாயைப் போல் நீண்ட ஊசி அன்று, குட்டையான கத்தி. தோலைக் கீறி, நுண்ணிய இரத்தக் குழாய்களை அறுத்து, அங்கே தேங்கும் இரத்தத்தை உறிஞ்சுகிறது. நம் இரத்தம் உடனே உறையப் பார்க்கும். அறுபட்ட குழாய் சுருங்கப் பார்க்கும். இரண்டையும் தடுக்கத்தான் உமிழ்நீர். இரத்தத்தை உறையவிடாத பொருளும், குழாயை விரிக்கும் பொருளும் அதில் உண்டு. குழாயை விரிக்கும் பொருளைத் தென்னமெரிக்க ஈயிடமிருந்து 1991-இல் பிரித்தெடுத்து, அதற்கு 'மாக்ஸாடிலான்' என்று பெயரிட்டார்கள்.

இதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. நம் தோலில் காவல் அணுக்கள் உண்டு. கிருமி நுழைந்தால் அதை விழுங்கிக் கொல்வது அவற்றின் தொழில். லீஷ்மேனியா மிகவும் தந்திரமானது. விழுங்கப்பட்ட பிறகு அந்தக் காவல் அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். உமிழ்நீரில் உள்ள சில பொருள்கள், காவல் அணுவின் கொல்லும் ஆற்றலை மந்தப்படுத்துகின்றன. காவலாளிக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டால் திருடனுக்கு என்ன தடை? ஈ தன் வயிற்றுப்பாட்டுக்காக விட்ட துளி, ஒட்டுண்ணிக்கு வாசலைத் திறந்து விடுகிறது. இதில் உமிழ்நீர் மட்டுமே கூட்டாளி அன்று. ஈயின் குடலில் ஒட்டுண்ணி உண்டாக்கும் ஒருவகைப் பசையும் கடிக்கும்போது சேர்ந்து இறங்கி நோயை வளர்க்கிறது என்று 2004-ஆம் ஆண்டில் கண்டார்கள்.

நேயர்களே, இங்கேதான் கதை திரும்புகிறது. அலெப்போத் தாய்மார்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? உடம்பு பகைவனை நினைவு வைக்கும் என்றால், பகைவனின் வண்டிக்காரனையும் நினைவு வைக்காதா?

1998-ஆம் ஆண்டிலும் 2000-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். அந்தக் குழுவில் முன்னின்றவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் அல்ஜீரியாவில் பிறந்த யாஸ்மின் பெல்கெய்ட். மற்றவர் ஜோர்டான் நாட்டிலிருந்து வந்த ஷாடன் கம்ஹாவி. அந்தப் புண் பழங்காலந்தொட்டு வழங்கும் மண்ணின் பெண்களே அதன் மருமத்தைத் தேடப் புறப்பட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒட்டுண்ணி இல்லாத சுத்தமான மணல் ஈக்களை முதலில் எலிகளைக் கடிக்கவிட்டார்கள். சில நாள் கழித்து, ஒட்டுண்ணி உள்ள ஈக்களைக் கடிக்கவிட்டார்கள். முன்பே கடிபட்ட எலிகளுக்குப் பெரும்பாலும் கடுமையான புண் வரவில்லை. எந்த உமிழ்நீர் நோயை வளர்த்ததோ, அதே உமிழ்நீரை உடம்பு முன்பே பழகியிருந்தால் அது காவலுக்கு மணியடிக்கிறது. கடித்த இடத்தில் காவல் அணுக்கள் விழிப்போடு கூடிவிடுகின்றன. உமிழ்நீரோடு வந்த ஒட்டுண்ணி அந்தச் சூட்டில் தழைக்க முடிவதில்லை.

2001-ஆம் ஆண்டில் வலென்சுவேலா என்ற விஞ்ஞானியும் குழுவினரும் அந்த உமிழ்நீரிலிருந்து ஒரே ஒரு புரதத்தைப் பிரித்து, அதைத் தடுப்பூசியாகக் கொடுத்தாலும் எலிகளைக் காக்கலாம் என்று காட்டினார்கள். 2015-ஆம் ஆண்டில் அதே இனத்தைச் சேர்ந்த ஒரு புரதம் குரங்குகளிடமும் பயன் தந்தது. கிருமிக்கு எதிராக அல்லாமல், கிருமியைச் சுமக்கும் பூச்சியின் உமிழ்நீருக்கு எதிராகத் தடுப்பூசி என்பது புதுமையான எண்ணம். ஆயினும் மக்களுக்குப் போடும் அளவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அப்படியானால் பூச்சி கடித்தால் நல்லதுதானே என்று யாராவது முடிவு கட்டிவிடக் கூடாது. அது பெரும் பிழை. பிரேசில் நாட்டின் இன்னொரு வகை மணல் ஈயின் உமிழ்நீரைச் சோதித்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்பழக்கம் எலிகளுக்குப் பாதுகாப்புத் தரவில்லை. 2008-ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆராய்ச்சியோ, ஒரே ஈயின் உமிழ்நீரிலேயே ஒரு புரதம் காக்கிறது, இன்னொரு புரதம் நோயைக் கூட்டுகிறது என்று காட்டியது. ஈக்கு ஈ குணம் வேறு. புரதத்துக்குப் புரதம் வேலை வேறு. மேலும், எந்த ஈ சுத்தமானது, எந்த ஈ கிருமியைச் சுமக்கிறது என்று கடிபடுகிறவருக்கு எப்படித் தெரியும்? அலெப்போத் தாய்மார்களின் பழைய முறையிலும் இடர் இருந்தது. சிலருக்குத் தடவிய இடத்துப் புண் நெடுநாள் ஆறாமல் துன்பம் கொடுத்தது. அதனால் பெரும்பாலான நாடுகள் அந்த முறையைக் கைவிட்டுவிட்டன.

இந்த நோய் நமக்கு என்ன ஆகப்போகிறது, நம் நாட்டில் அது வேரூன்றவில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் உலகத்தில் ஆண்டுதோறும் 6 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை புதிதாக இந்தத் தோல் நோய்க்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2011-ஆம் ஆண்டில் சிரியாவில் உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு, அலெப்போவின் பழைய புண் பல மடங்கு பெருகி, அகதிகளோடு அண்டை நாடுகளுக்கும் போயிற்று. இலங்கையிலும் 1990-களிலிருந்து இந்தத் தோல் புண் காணப்படுகிறது. அங்கே அதை உண்டாக்குவது, சென்னை டாக்டரின் பெயர் தாங்கிய அதே டோனவானிதான். வேலைக்காகவும் யாத்திரைக்காகவும் மக்கள் நாடுவிட்டு நாடு போகும் காலம் இது. அப்படிப் போய்வந்த ஒருவருக்கு, வலியில்லாத புண் ஒன்று பல வாரமாகியும் ஆறவில்லை என்றால், சுண்ணாம்பு தடவுவதும் சூடு போடுவதும் வேண்டாம். மருத்துவரிடம் போய், எந்த ஊருக்குப் போயிருந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்குப் பெரிய வழிகாட்டி. மணல் ஈ உள்ள ஊர்களுக்குப் போகிறவர்கள், பொழுது சாய்ந்ததும் கைகால் மூடிய ஆடை அணிவது நல்லது. சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக அந்த ஈ நுழைந்துவிடும். ஆகையால் நெருங்கிய கண்ணுள்ள வலையோ பூச்சிமருந்து தோய்த்த வலையோ வேண்டும்.

நேயர்களே, ஒட்டுண்ணியை மனிதன் நூறாண்டுக்கும் முன்பே கண்டான். அதைச் சுமக்கும் ஈயையும் கண்டான். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்த ஒரு துளி உமிழ்நீரை 1988 வரை அவன் பொருட்படுத்தவில்லை. கீறிய தோலில் தடவினால் முகம் தப்பும் என்று கண்ட தாயின் பெயர் எந்த நூலிலும் இல்லை. காதை இழந்த சிக்லேரோவின் பெயரும் இல்லை. எனினும் நோயை முதலில் பார்த்தவர்கள், அதோடு வாழ்ந்தவர்கள், அதன் போக்கை உற்று நோக்கியவர்கள் அவர்களே. ஆராய்ச்சிக் கூடங்கள் பின்னால்தான் வந்தன.

ஆகவே இன்று மாலை உங்கள் பிள்ளையின் கையில் ஒரு பூச்சி கடித்துத் தடித்தால், "சொறியாதே" என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். "அது ஏன் அரிக்கிறது தெரியுமா?" என்று கேளுங்கள். நல்ல கேள்வி ஒன்று வீட்டு வாசலிலும் பிறக்கலாம்.